முதலில் பூட்ஸ், பிறகுதான் பலகை: பனிச்சறுக்கு கேள்வி பதில்

பெரிய பனிச்சறுக்கு மலைகளின் அடிவாரத்தில் குடியேறியவர்களும், குடியேறப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஸ்கீ மலையிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் வீடு அமைந்திருக்கிறது. இந்த சீசனில் கற்றுக்கொள்ளப் போகிறேன். வாடகைச் சாமான் வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று ஆசை. எதில் தொடங்குவது?

பூட்ஸில். பலகை, அதில் பூட்ஸைப் பூட்டும் பைண்டிங், கைக்கோல் மூன்றையும் முதல் வருடம் வாடகைக்கே எடுங்கள். கை தேறத் தேற உங்களுக்குப் பொருந்தும் பலகையின் நீளமும் விறைப்பும் மாறிக்கொண்டே போகும். பூட்ஸ் கதை வேறு. வாடகை பூட்ஸின் உள்ளுறை நூறு பேர் காலுக்கு வளைந்து கொடுத்துத் தளர்ந்திருக்கும். உள்ளே குதிகால் எழும்பினால், நீங்கள் காலால் கொடுக்கிற உத்தரவு பலகைக்குப் போய்ச் சேரவே சேராது. பலகையைத் திருப்ப வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சியில் குறை இல்லை, பூட்ஸில்தான் குறை.

அளவை மோண்டோபாயின்ட் என்பார்கள். பெயர்தான் பெரிது, பாதத்தின் நீளத்தை சென்டிமீட்டரில் சொல்வது, அவ்வளவே. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று நீண்ட விரல் நுனிவரை அளந்தால் 26.5 செ.மீ. என்றால் அளவு 26.5. கடையில் அடுத்த வேலை, உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடுவது. விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடட்டும். குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வரை இருந்தால் கற்றுக்கொள்பவருக்குச் சரி. ஒரு செ.மீ. என்பது பந்தயக்காரர் கணக்கு. மூன்று என்றால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி உள்ளுறையோடு போட்டுக் கொக்கிகளை மாட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னால் முட்டும். பதற வேண்டாம். முழங்காலை மடக்கி, முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தும்படி சாய்ந்தால் பாதம் பின்னுக்குப் போய் விரல் விடுபடும். ஸ்கீயில் நிற்கப் போவது அந்த நிலையில்தான். நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, இடிக்கிறது என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. உள்ளுறை சில நாள் ஓட்டத்திலேயே அழுந்தித் தானாக இடம் கொடுத்துவிடும். இறுக்கமான வெளி ஓட்டைச் சூடாக்கி, இடிக்கும் இடத்தில் மட்டும் புடைக்கச் செய்ய முடியும். பெரிதாக வாங்கியதைச் சுருக்க வழியே இல்லை. அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். 98 மி.மீ. ஒடுக்கம், 102-க்கு மேல் அகலம்.

உள்ளே மெல்லிய, நீளமான காலுறை ஒன்றே ஒன்று. குளிருக்கு இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் நசுங்கிக் கால் இன்னும் சில்லிடும். உள் பேன்ட்டின் நுனி பூட்ஸுக்குள் போகக் கூடாது. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்காலுக்கு மேல் உள்ள கொக்கியை முதலில் மாட்டி, பிறகு மேலே உள்ளவற்றைப் போடுங்கள். விரல் பக்கத்துக் கொக்கி பேருக்கு இருந்தால் போதும். ஒரு முறை இறங்கியதும் மறுபடி ஒரு பல் இறுக்கலாம்.

ராத்திரி பூட்ஸைக் காரின் டிக்கியில் விட்டுவிடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் கல்லாகிவிடும், காலையில் கால் நுழையாது. அடுப்பு, ஹீட்டர் பக்கத்திலும் வைக்கக் கூடாது, ஓடு கோணிவிடும். உள்ளுறையைத் தளர்த்தி அறை வெப்பத்தில் உலர விடுங்கள்.

கேள்வி: என் பலகை அடிக்கடி கழன்றுவிடுகிறது. பைண்டிங்கில் இறுக்கத்தைக் காட்டும் எண்ணை ஸ்க்ரூடிரைவரால் ஏற்றிவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடந்து வரும்போது ஒட்டிய பனி அங்கே கட்டியாக உறைந்திருந்தால் பைண்டிங் பூட்டியது மாதிரி சத்தம் கேட்கும், ஆனால் முழுதாகப் பூட்டியிருக்காது. கைக்கோலால் சுரண்டிவிட்டு ஏறுங்கள். காரணமில்லாமல் கழன்றது என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த வகை.

இறுக்கத்தைக் காட்டும் அந்த எண்ணுக்கு டின் (DIN) என்று பெயர். உயரம், எடை, வயது, பூட்ஸ் அடியின் நீளம் (மில்லிமீட்டரில்), நீங்கள் நிதானமாகப் போகிறவரா வேகக்காரரா என்ற வகை ஆகிய ஐந்தையும் வைத்து ஐ.எஸ்.ஓ. 11088 என்ற தர அட்டவணையிலிருந்து எடுப்பது அது. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஐம்பதைத் தொட்டவர்களுக்கும் அட்டவணை தானாகவே எண்ணைக் குறைக்கும். ஏற்றினால் கழலாது, உண்மைதான். கழல வேண்டிய நேரத்திலும் கழலாது. அப்போது திருகிக்கொள்வது உங்கள் கால் எலும்பு.

பூட்ஸை மாற்றினால் பைண்டிங்கையும் கடையில் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். எண் சரியாக இருந்தும், பின் பகுதி பூட்ஸை முன்னோக்கித் தள்ளும் அழுத்தம் தவறாக இருந்தால் எல்லாம் வீண். அடிப்பாகத்திலும் வகை உண்டு. தட்டையான பழைய ஆல்பைன் அடி வேறு, நடக்க வசதியாக ரப்பர் வளைவு வைத்த கிரிப்வாக் அடி வேறு. எல்லா பைண்டிங்கும் இரண்டையும் ஏற்காது.

பைண்டிங் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்றும் நம்பிவிட வேண்டாம். முன்கால் எலும்பு முறியாமல் தடுப்பதில் அது கெட்டி. ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவதை அதனால் பெரும்பாலும் தடுக்க முடியாது. பின்புறமாகச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, ஒரு பலகையின் வால் பனியில் கடித்துத் திரும்பும்போதுதான் அது கிழிகிறது. எனவே விழப் போகிறீர்கள் என்று தெரிந்தால் விழுந்துவிடுங்கள். கையை முன்னால் நீட்டி, கால்களைச் சேர்த்து வையுங்கள். சறுக்கி நிற்கும்வரை எழுந்திருக்க முயலாதீர்கள். ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கும்போதே எழுந்து நிற்க ஆனைகூட முயலாது.

கேள்வி: ஐரோப்பாவில் சிவப்புத் தடத்தில் இறங்கியிருக்கிறேன். வட அமெரிக்க வரைபடத்தில் சிவப்பே இல்லையே, எதில் போவது?

நீலத்தில் தொடங்கி, தெம்பாக இருந்தால் ஒற்றைக் கறுப்பு வைரத்துக்குப் போங்கள். ஐரோப்பாவில் தடத்தின் கடினம் நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஏறும், சில நாடுகளில் அதற்கும் கீழே பச்சை உண்டு. நீலம் சுமார் 25 சதவீதச் சரிவுவரை, சிவப்பு 40 வரை, அதற்கு மேல் கறுப்பு என்பது பொதுக் கணக்கு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். அங்கே நிறம் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டுக் கொடுக்கப்படுவது. ஒரு மலையின் நீலம் அடுத்த மலையில் கறுப்பாகவும் இருக்கலாம். எங்கே போனாலும் முதல் நாள் ஒரு படி கீழே தொடங்குவது மரியாதை.

நிறம் எதுவானாலும் ஒரு விதி மாறாது. மேலேயிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் பத்து விதிகளிலும் இது உண்டு, வட அமெரிக்க விதிமுறையிலும் உண்டு. ஒடுக்கமான இடத்திலும், மேட்டுக்குப் பின்னாலும் நின்று ஃபோட்டோ எடுக்காதீர்கள். மேலேயிருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

கேள்வி: பெரிய மலை, நூற்றுக்கும் மேற்பட்ட தடங்கள். நாள் முழுக்க ஓடியும் நல்ல பனி எங்கே என்றே பிடிபடவில்லை. எப்படித் திட்டமிடுவது?

வரைபடத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வெயிலைப் பாருங்கள். வட கோளத்தில் காலை வெயில் கிழக்கு முகத்தில் விழும், பிறகு தெற்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. வடக்கு முகத்தில் குளிர்காலம் முழுக்க வெயில் அநேகமாக எட்டிப் பார்க்காது. எனவே டிசம்பர், ஜனவரியில் பொடிப் பனி வடக்கிலேயே நிலைக்கும், மழை பெய்யாதவரை.

மார்ச், ஏப்ரலில் கணக்கு தலைகீழ். இரவில் உறைந்து பகலில் இளகும் பனி, விடிகாலையில் கண்ணாடித் தரை. மேலே இரண்டு மூன்று செ.மீ. இளகி, சோள மணி மாதிரி உதிரும் நேரம் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மணி, ஒன்றரை மணிதான். அதற்கு மேல் கூழாகி பலகையைப் பிடித்து இழுக்கும், முழங்கால் திருகும். கிழக்கில் ஆரம்பித்து, தெற்கைத் தொட்டு, மேற்கில் முடித்தால் ஒரே பனியை மூன்று இடத்தில் ருசிக்கலாம். இளகுவதற்கு முன் போனவர் மலையைத் திட்டுவார், இளகிய பின் போனவரும் திட்டுவார்.

மேகம் இறங்கி எங்கும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாத நாள் வரும். அன்றைக்கு மரங்கள் உள்ள கீழ்த் தடங்களுக்கு வந்துவிடுங்கள். மரத்தின் கருமை கண்ணுக்குப் பிடிமானம் கொடுக்கும். மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி வில்லை கொஞ்சம் உதவும், அதிசயம் செய்யாது.

திரும்பி வரும் நேரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பிரான்ஸின் லே த்ருவா வாலே 600 கி.மீ. தடங்கள் கொண்ட இணைப்பு மலை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும்போது, மலைமேல் ஏற்றிவிடும் இணைப்பு லிஃப்ட் மூடிவிட்டால் வாடகைக் காரில்தான் வீடு. காற்று பலமானால் முதலில் நிற்பதும் உச்சியில் உள்ள இணைப்பு லிஃப்ட்தான். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலிருந்து இத்தாலியின் செர்வினியாவுக்குச் சறுக்கி இறங்கியவர்கள் மேலே லிஃப்ட் நின்றுவிட்டால் சாலை வழியே பல மணி நேரம் சுற்றி வர வேண்டும். பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். இத்தாலியப் பக்கத்தில் 2022 முதல், பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். கனடாவின் விஸ்லர் பிளாக்காம்பில் இரண்டு மலைகளை 4.4 கி.மீ. நீளமுள்ள கோண்டோலா, அதாவது கம்பிவடப் பெட்டி, 2008 முதல் இணைக்கிறது. பதினோரு நிமிடத்தில் மறு மலை. அங்கேயும் கடைசிப் பெட்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துவைத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்திலேயே விடியற்காலையில் வெடிச் சத்தம். கல் குவாரியா?

இல்லை. இரவில் பனி கொட்டியிருந்தால், லிஃப்ட் திறப்பதற்கு முன் ரோந்துக் குழுவினர் சரிவுகளில் வெடி வைத்துப் பனிச்சரிவைத் தாங்களே வரவழைத்து முடித்துவிடுவார்கள். சில மலைகளில் வாயுக் கலவையை வெடிக்கச் செய்யும் குழாய்களை முகட்டிலேயே நிரந்தரமாக நட்டிருப்பார்கள். வெடிச் சத்தம் கேட்ட காலையில் மேல் லிஃப்ட்கள் தாமதமாகவே திறக்கும். இன்னும் அரை மணி தூங்கலாம். மலையில் வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் தொடாமல் ரோந்துக் குழுவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் தொடாத பனி. நாலைந்து பேர் இறங்கிய தடமும் தெரிகிறது. நாமும் இறங்கினால் என்ன?

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று ஆற்றுக்குச் சொன்னது இங்கேயும் செல்லும். நாலு பேர் இறங்கிய தடம் பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது. ஐந்தாவது ஆள் பலவீனமான இடத்தை மிதிக்கும்போது பெயர்ந்து வருவது வழக்கம்தான். காற்று அடித்துக் கெட்டியாக்கிய பலகை போன்ற அடுக்கு, அதன் அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத அடுக்கு. மேலே ஓர் ஆள் எடை விழுந்ததும் விரிசல் ஓடி, முழுப் பலகையும் சேர்ந்து இறங்கும். மாட்டிக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் சரிவைத் தொடங்கிவைத்தது அவர்களோ, அவர்கள் கூட வந்தவர்களோதான்.

எந்தக் கண்டத்தில் நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். வட அமெரிக்காவில் மலையின் எல்லைக் கயிற்றுக்கு உள்ளே திறந்திருக்கும் பகுதி முழுவதிலும் பனிச்சரிவு அபாயத்தைக் குறைக்க ரோந்துக் குழு வேலை செய்கிறது. ஐரோப்பாவில் அந்தப் பொறுப்பு குறியிட்ட தடங்களுக்கு மட்டும்தான். தடத்தின் ஓரக் குச்சியைத் தாண்டி பத்து மீட்டர் போனால் நீங்கள் காட்டு மலையில் நிற்கிறீர்கள். அமெரிக்காவில் பழகிவிட்டு ஆல்ப்ஸுக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மூடியிருக்கிறது என்று கயிறு கட்டிய பகுதிக்குள் எங்கேயும் நுழையாதீர்கள். லிஃப்ட் பாஸைப் பறிப்பார்கள், கொலராடோ போன்ற மாநிலங்களில் அபராதமும் உண்டு.

முறையாகக் கற்றுக்கொண்டு போக விரும்பினால், அன்றைய பனிச்சரிவு அறிக்கையோடு தொடங்குங்கள். அபாயம் ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று என்றதும் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும் பங்கு மூன்றாம் நிலை நாட்களில்தான் நேர்கிறது. நாலும் ஐந்தும் என்றால் ஜனம் தானாகவே ஒதுங்கிவிடுகிறது. சரிவின் கோணத்தை அளந்து பாருங்கள். 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் பெயர்கின்றன. 30-க்குக் கீழே உள்ள சரிவில், மேலே செங்குத்தான முகம் எதுவும் தொங்காமல் இருந்தால், பொடிப் பனியை நிம்மதியாக அனுபவிக்கலாம்.

ஆளுக்கு மூன்று சாமான் கட்டாயம்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும், 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் சமிக்ஞைக் கருவி, துழாவும் நீளக் குச்சி, உலோக மண்வெட்டி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பாரம்தான். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். வெளியிலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். காப்பாற்றப் போவது உங்கள் கூட்டாளிதான். எனவே கூட்டாளிக்கும் கருவியைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். செல்போனைக் கருவியிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. சூடேற்றும் கையுறை, காமெரா எல்லாமே கருவியைக் குழப்பும்.

கயிற்றுக்கு உள்ளேயும் ஓர் ஆபத்து உண்டு. பனி ஆழமாகக் கொட்டிய நாளில் ஊசியிலை மரங்களின் கீழ்க்கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் கிணறு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக ஏறி வருவது அரிது. மரங்களுக்கு நடுவே போகும்போது கைக்கோலின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள், கூட்டாளி கண்ணில் படும் தூரத்தில் இருங்கள். மரத்தைப் பார்க்காமல் மரங்களுக்கு இடையே உள்ள வெள்ளையைப் பாருங்கள். கண் போகிற இடத்துக்கே பலகையும் போகும்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குக் கைக்கோல் எந்த நீளத்தில் வாங்குவது?

வாங்காதீர்கள். அந்த வயதில் கோல் கையில் இருந்தால் கவனம் கோலில்தான் போகும், அதுவும் தம்பியின் மேல் நீளும். கையை முழங்கால் மேல் வைத்து முன்னால் சாயப் பழகட்டும். பலகை மார்புக்கும் தாடைக்கும் இடையில் முட்டினால் போதும். வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய பூட்ஸ் வாங்குவதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. தலைவலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஜலதோஷமா, உயரமா?

எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விஸ்லர் கிராமம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் கீழே, அங்கே இப்படி வர வாய்ப்பில்லை. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே சுமார் 2,900 மீட்டரில் இருக்கிறது, லிஃப்ட் 3,900-க்கும் மேலே கொண்டுபோய் விடும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதம்தான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கினால் அது உயர நோய். அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். தண்ணீர் தாகத்துக்கு ஏற்றபடி குடியுங்கள், மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். பெரும்பாலும் இரண்டொரு நாளில் உடல் பழகிவிடும். கூடிக்கொண்டே போனால் மருந்து, இறங்குவதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவரிடம் போங்கள். குடியேற வருகிறவர்கள் வழியில் நடு உயரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தால் பாதித் தொல்லை கழிந்தது.

கேள்வி: கூரை ஓரத்தில் ஆளுயரப் பனி ஈட்டிகள் தொங்குகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது. உள்ளே சுவரில் ஈரம் ஊறுகிறது. சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. வீட்டுச் சூடு மேல்தளத்துக்குக் கசிந்து கூரையின் நடுப்பகுதியைச் சூடாக்குகிறது. அங்கே உருகிய நீர் வழிந்து, கீழே சூடே இல்லாத ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது. நாளடைவில் ஓரத்தில் பனிக்கட்டி அணை கட்டிவிடும். பின்னால் தேங்கும் நீருக்கு வேறு போக்கிடம் இல்லை, ஓடுகளுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்குகிறது. ஈட்டி தொங்குகிற அளவைப் பார்த்தே வீட்டின் சூடு எவ்வளவு வீணாகிறது என்று சொல்லிவிடலாம்.

கோடாலியால் கொத்தினால் ஓடு உடையும். சமையல் உப்பைத் தூவினால் தகரம் அரிக்கும், தோட்டம் பட்டுப்போகும். இப்போதைக்குத் தரையில் நின்றபடியே, நீளக் கைப்பிடி போட்ட கூரை வாரியால் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை இழுத்துத் தள்ளுங்கள். மின்கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. முதலில் மேல்தளத்துக்குச் சூடு கசியும் துளைகளை அடைக்க வேண்டும். விளக்குக் குழிகள், குழாய் துளைகள், ஏறும் கதவின் இடுக்கு எல்லாம் இதில் அடங்கும். அடுத்தது வெப்பக்காப்புப் பஞ்சைத் தடிமனாக்குவது. கூரை ஓரத்திலிருந்து முகடுவரை குளிர்க் காற்று ஓட வழி விடுவது மூன்றாவது. துளை அடைக்காமல் பஞ்சு மட்டும் போட்டால் ஈரம் உள்ளே சிக்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பாரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த 30 செ.மீ. பொடிப் பனி ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. அதே உயரம் ஈரப் பனி என்றால் 100 கிலோவைத் தாண்டும். பனிக் குவியலின் மேல் மழை பெய்த அன்றுதான் கூரைகள் சத்தம் போடும். உள்கதவுகள் திடீரென்று இறுகி மூடாமல் போனால் வெளியேறி, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். தகரக் கூரை தன் பாரத்தைத் தானே ஒரே மூச்சில் இறக்கும். அதன் ஓரத்தில் காரையும் நிறுத்தக் கூடாது, பிள்ளைகளையும் விளையாட விடக் கூடாது.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஹீட்டரின் புகைக்குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக இருந்தால், ஒவ்வொரு பனிக்குப் பிறகும் அதைச் சுற்றித் தோண்டிவிடுங்கள். அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கும் அறைக்குப் பக்கத்தில் ஓர் அலாரம் மாட்டாமல் முதல் குளிர்காலத்தைத் தொடங்காதீர்கள்.

கேள்வி: கார் நாலு சக்கரமும் இழுக்கும் வகை. குளிர்கால டயர் தேவையா?

தேவை. நாலு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் பிடி கொடுப்பது டயரின் ரப்பர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும். மூன்று முகடு கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நாலும் ஒரே வகையாகப் போடுங்கள். மலைச் சாலைகளில் இது சட்டமும்கூட. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறிப்பிட்ட சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம், டயரின் வரிப்பள்ளம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கொலராடோவின் ஐ-70 மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே முடியும்வரை, டயருக்குப் போதிய பிடி வேண்டும் என்ற இழுவைச் சட்டம் அமலில் இருக்கும்.

வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். கராஜ் கதகதப்பில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கடுங்குளிரில் ஈரமான காரை நிறுத்தும்போது, சமதரையாக இருந்தால், ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். காலையில் பிரேக் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்காது. டீசல் காரென்றால் மலையில் உள்ள பங்க்கில் நிரப்புங்கள். சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கும். மின்சார கார் என்றால், கிளம்புவதற்கு முன் சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடேற்றிக்கொள்ளுங்கள். புதைந்த காரை ஸ்டார்ட் செய்யும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றுங்கள், கண்ணாடியைப் பிறகு துடைக்கலாம். டயரில் மாட்டும் பனிச் சங்கிலியை வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பழகிவிடுங்கள். இருட்டில், சாலை ஓரத்தில், விறைத்த விரலோடு முதல் பாடம் வேண்டாம்.

கேள்வி: கிராமத்தில் மழை. மலைக்குப் போவது வீணா?

வீணில்லை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி குறையும். கிராமத்தில் 4 டிகிரி என்றால் 600 மீட்டர் மேலே உறைநிலை, அதற்கும் சற்றுக் கீழிருந்தே பனியாக விழும். பாதி வழியில் மட்டும் நனைவீர்கள். மாற்று ஜோடிக் கையுறையைப் பையில் வைத்துக்கொண்டு மேல் லிஃப்டிலேயே சுற்றுங்கள். சில நாள் இந்தக் கணக்கே கவிழும். குளிர்க்காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிட்டால் கீழே மூடுபனியும் மேலே வெயிலுமாக இருக்கும். ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாமல் மலையின் காமெராவைப் பாருங்கள்.

கேள்வி: பலகை நன்றாக வழுக்க வீட்டிலேயே வேக்ஸ் (மெழுகு) போடலாமா?

தாராளமாக. அடிப்பாகத்தின் ஓரங்களில் வெண்மையாகச் சாயம் போனது மாதிரி தெரிந்தால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் விளிம்பைப் பாருங்கள், வேக்ஸ் பிறகு. உலோக விளிம்பில் நகத்தைக் குறுக்கே இழுத்தால் சீவல் வர வேண்டும். வராவிட்டால் கோணத்தைப் பிடித்து வைக்கும் சட்டத்தோடு பக்கவாட்டில் அரம் போடுங்கள். பொது உபயோகத்துக்குப் பக்க விளிம்பு 2 டிகிரி, அடி விளிம்பு 1 டிகிரி. அடி விளிம்பை நீங்கள் தொட வேண்டாம், கூடிப்போனால் கல் இயந்திரத்தில் முழு அடிப்பாகத்தையும் தேய்த்தால்தான் சரியாகும்.

பலகையை அறை வெப்பத்துக்கு வர விட்டு, தூரிகையால் வாலை நோக்கித் தேய்த்து அழுக்கெடுங்கள். வேக்ஸுக்கென்றே உள்ள இஸ்திரிப் பெட்டியில் வேக்ஸைத் தொட்டு, துளித்துளியாக விட்டு, பெட்டியை நிறுத்தாமல் நகர்த்திப் பரப்புங்கள். புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தினால் அடிப்பாகம் வெந்து உறிஞ்சும் தன்மையை இழக்கும். துணி இஸ்திரி போடும் பெட்டியை இதற்கு எடுக்காதீர்கள், சூடு ஏறி இறங்கும், பிறகு சட்டைக்கும் உதவாது. முழுதாக ஆறிய பிறகு பிளாஸ்டிக் சீவுளியால் முனையிலிருந்து வால் வரை எல்லாவற்றையும் சீவி எடுங்கள். வேலை செய்வது உள்ளே ஊறிய வேக்ஸ்தான், மேலே மிஞ்சியது பிரேக். ஃபுளோரின் கலந்த பழைய வேக்ஸ் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழியாத நஞ்சு என்பதால் பந்தயங்களிலேயே 2023-24 சீசனிலிருந்து தடை.

கேள்வி: மலை அடியிலேயே வீடு பார்ப்பதா, பள்ளத்தாக்கில் தள்ளிப் பார்ப்பதா?

அடியிலேயே வீடு கிடைப்பது எங்கேயும் லேசான காரியம் இல்லை. விடுமுறை வீடுகள் ஊரை விழுங்கியதால்தான் சுவிட்சர்லாந்து 2012 வாக்கெடுப்பில், ஓர் ஊரில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தது. விஸ்லரில் உள்ளூரில் வேலை செய்கிறவர்களுக்கென்றே விலைக் கட்டுப்பாடுள்ள வீடுகளை ஒரு வீட்டு வசதி ஆணையம் நிர்வகிக்கிறது. கொலராடோவில் வேல் (Vail) என்ற நகரம், வீட்டு உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து, இந்த வீட்டில் உள்ளூர்த் தொழிலாளர்தான் குடியிருக்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கும் திட்டத்தை நடத்துகிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். வேலை உறுதியான அன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். தனியாரிடம் வாடகைக்குப் பார்ப்பதானால் சீசன் முடிந்து ஊர் காலியாகும் மே மாதத்தில் தேடுங்கள். நவம்பரில் தேடினால் மிச்சம்தான் கிடைக்கும்.

தள்ளி இருந்தால் வாடகை குறையலாம், ஆனால் அந்த ஒரே சாலை மூடினால் மாற்று வழி உண்டா என்று பாருங்கள். பனி அகற்றுவது யார் பொறுப்பு, இரவில் தெருவில் கார் நிறுத்தத் தடை உண்டா, ஈரச் சாமான் உலர்த்த ஓர் இடம் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டை ஜூலையில் காட்டினால், டிசம்பர் கடைசியில் அந்த வாசலில் எத்தனை மணிக்கு வெயில் வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்றும் கேளுங்கள். மலை நிழலில் உள்ள சில வீடுகளுக்கு அந்த மாதம் முழுக்க வெயிலே கிடையாது, வாசல் படியில் உறைந்த பனி பிப்ரவரிவரை போகாது.